உணவுக்குழாய்ல ஸ்மால் செல் கேன்சர்னு ரிப்போர்ட் வந்தா என்ன பண்றது

அப்பாவுக்கு முதல்ல நின்னது இட்லி. கறியோ சப்பாத்தியோ கூட இல்ல, வெறும் இட்லி. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு நெஞ்சுக்குழிக்கு மேல கைய வச்சு தேச்சுக்கிட்டே "என்னமோ அடைக்குது பாப்பா, தண்ணி குடு"ன்னாரு, தண்ணி குடிச்சதும் இறங்கிடுச்சு, நாங்களும் மறந்துட்டோம். அப்புறம் சோத்த ரசம் ஊத்தி கரைச்சு சாப்பிட ஆரம்பிச்சாரு, அப்புறம் கஞ்சி, அப்புறம் கஞ்சியும் நெஞ்சுலயே நிக்குதுன்னாரு. நடுவுல ஒரு கிளினிக்ல ரெண்டு மாசம் கேஸ் மாத்திரை மட்டுமே எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த ரெண்டு மாசம் திரும்ப கிடைக்காது, அதனாலதான் இத உக்காந்து எழுதுறேன்.

நான் டாக்டர் இல்ல, பத்தொம்போது மாசம் அப்பா கூடவே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா நின்னவ. டாக்டர்கிட்ட என்ன கேக்கணும், எதுக்கு அவசரப்படணும், எதுக்கு அவசரப்படக் கூடாதுன்னு யாராவது அப்பவே சொல்லியிருந்தா நல்லா இருந்துருக்கும்னு தோணுனதெல்லாம் இதுல இருக்கு. முக்கியமா ஒண்ணு. உணவுக்குழாய் கேன்சர்னா எல்லாம் ஒரே நோய் கிடையாது. ரிப்போர்ட்ல "ஸ்மால் செல்"னு ரெண்டு வார்த்தை இருந்தா வைத்தியத்தோட வரிசையே மாறுது. அந்த ரெண்டு வார்த்தை இருக்கா இல்லையான்னு உறுதியாகாம ஆபரேஷனுக்கு ஒத்துக்காதீங்க.

இது என்ன நோய்

நம்ம ஊர்ல உணவுக்குழாய்ல வர்றதுல பெரும்பாலும் ஸ்குவாமஸ் செல் வகை, அதுக்கு அடுத்து அடினோகார்சினோமா. ஸ்மால் செல்லுங்கிறது நூறு பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்குதான் வரும். 1952லதான் முதல் முதலா ரெண்டு பேருக்கு இருந்தத பத்தி எழுதியிருக்காங்க, அதுக்கு முன்னாடி இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. பொதுவா நுரையீரல்ல வர்ற ஸ்மால் செல் கேன்சரோட தம்பி மாதிரி இது, வேகமா பெருகும், சீக்கிரமே ரத்தம் வழியாவும் நெறிகட்டி வழியாவும் பரவும், கண்டுபிடிக்கும்போதே ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேற எடத்துக்கு போயிருக்கும். உணவுக்குழாயோட அமைப்பும் அதுக்கு வசதியா இருக்கு. குடலுக்கு வெளிய ஒரு உறை சுத்தி இருக்குல்ல, அது உணவுக்குழாய்க்கு கிடையாது, உள்தோலுக்கு அடியிலயே நிணநீர்க் குழாய் வலை மாதிரி நீளவாக்குல ஓடுது, அதனால கட்டி ஒரு எடத்துல இருந்தாலும் செல்லு மேலயும் கீழயும் போயிடும். இன்னொண்ணு, அந்தக் குழாய் நல்லா விரிஞ்சு குடுக்கும், அதனால சாப்பாடு அடைக்கிற அளவுக்கு குறுகும்போது கட்டி சின்னதா இருக்காது. இட்லி நிக்கும்போதே நேரம் ஓட ஆரம்பிச்சாச்சு.

பீடி, சிகரெட், சாராயம் பழக்கம் உள்ளவங்களுக்கு ஜாஸ்தியா வருது, ஆனா எந்தப் பழக்கமும் இல்லாதவங்களுக்கும் வருது. எங்க வீட்டுல சொந்தக்காரங்க எல்லாரும் அப்பாவோட பீடிய பத்தியே பேசிக்கிட்டு இருந்தாங்க, நோய் வந்த மனுசன் முன்னாடி அத பேசுறதுல என்ன கிடைக்கப் போகுதுன்னு எனக்கு இன்னிக்கும் புரியல.

எப்ப என்டோஸ்கோபி பண்ணனும்

சாப்பாடு அடைக்கிறது ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா, இல்ல நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போனா (முதல்ல கெட்டி, அப்புறம் குழைஞ்சது, அப்புறம் தண்ணி) மாத்திரை போட்டு பாக்கலாம்னு காத்திருக்காதீங்க, நேரா ஒரு குடல் டாக்டர பாத்து என்டோஸ்கோபி கேளுங்க. கூடவே எடை இறங்குறது, குரல் கம்முறது, முதுகுல ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல வலி, கருப்பா வெளிய போறது, இதுல எது சேந்து வந்தாலும் அன்னிக்கே போங்க. தண்ணி குடிச்சா உடனே இருமல் வருதுன்னா உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவுல ஓட்டை விழுந்துருக்கலாம், அத மட்டும் ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க.

ஸ்கோப்பி பத்து நிமிச வேலை, தொண்டைக்கு மரத்துப் போற ஸ்ப்ரே அடிப்பாங்க, அப்பா பயந்த அளவுக்கு ஒண்ணுமே இல்ல. நாம பாக்க வேண்டியது எத்தன துண்டு சதை எடுத்தாங்கங்கிறதுதான். ஆறுலருந்து எட்டு துண்டு எடுக்கிறது நல்லது. ஸ்மால் செல் சில நேரம் மேல்தோலுக்கு அடியில வளரும், மேலாக்க ஒண்ணு ரெண்டு துண்டு கிள்ளுனா ஒண்ணும் இல்லன்னே வரலாம், அப்புறம் இந்த செல்லு ரொம்ப மெல்லிசு, எடுக்கும்போதே நசுங்கிப் போயி மைக்ராஸ்கோப்ல என்னன்னு அடையாளம் தெரியாம போயிடும். பயாப்ஸி நார்மல்னு வந்தும் கண்ணுக்கு கட்டி தெரிஞ்சா திரும்ப எடுக்கச் சொல்லுங்க, கேக்குறதுக்கு கூச்சப்படாதீங்க.

ரிப்போர்ட்ட எப்படிப் படிக்கிறது

எங்களுக்கு முதல் பயாப்ஸில வந்தது "பூர்லி டிஃபரன்ஷியேட்டட் கார்சினோமா". அதாவது கேன்சர்தான், ஆனா என்ன ஜாதின்னு செல்லோட முகத்த பாத்து சொல்ல முடியலன்னு அர்த்தம். அத வச்சே ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கு தேதி குறிச்சிட்டாங்க, ரத்தம் குடுக்க ஆள் கூட ரெடி பண்ணிட்டோம். ரெண்டாவதா ஒரு டாக்டர்கிட்ட கேப்போம்னு தம்பி பிடிவாதமா நின்னான், அந்த டாக்டரம்மா ரிப்போர்ட்ட பாத்ததும் முதல் கேள்வியே "ஐஹெச்சி எங்க?"ன்னாங்க. இல்லன்னோம். "அது வர்ற வரைக்கும் யாரும் கத்தி வைக்கக் கூடாது"ன்னாங்க.

ஐஹெச்சிங்கிறது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, அதே சதைத் துண்டு மேல தனித்தனியா சாயம் போட்டு செல்லு எந்த ஜாதின்னு பாக்குறது. புதுசா பயாப்ஸி எடுக்கத் தேவையில்ல, மெழுகுல பதிச்சு வச்சிருக்கிற பிளாக் இருந்தா போதும். ஸ்மால் செல்னா சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், சிடி 56, ஐஎன்எஸ்எம் 1 இதுல சிலது பாசிட்டிவ்னு வரும். கேஐ 67னு ஒரு சதவீதம் போட்டிருக்கும், அது செல்லு எவ்வளவு வேகமா பெருகுதுங்கிறதோட அளவு, இந்த நோய்ல 20க்கு மேலதான் இருக்கும், பல பேருக்கு 70, 80ன்னு கூட வரும். அப்பாவுக்கு 85. அந்த நம்பர பாத்து நான் ஆஸ்பத்திரி படிக்கட்டுலயே உக்காந்துட்டேன், ஆனா வேகமா பெருகுற செல்லத்தான் கீமோ நல்லா பிடிக்கும்னு அப்புறமாதான் தெரிஞ்சுச்சு. பி 40 பாசிட்டிவ்னா ஸ்குவாமஸ் பக்கம், எல்சிஏன்னா லிம்ஃபோமா (நிணநீர் கேன்சர்) பக்கம், எஸ் 100 ஹெச்எம்பி 45ன்னா மெலனோமா (தோலுக்கு நிறம் குடுக்கிற செல்லுல வர்ற கேன்சர்) பக்கம், இதெல்லாம் இல்லங்கிறதையும் சேத்துதான் பாப்பாங்க. சில பேருக்கு ஸ்குவாமஸும் ஸ்மால் செல்லும் ஒரே கட்டியில கலந்து இருக்கும், அதையும் எழுதியிருக்காங்களான்னு பாருங்க.

டிடிஎஃப் 1னு ஒண்ணு பாசிட்டிவா வந்தா "இது நுரையீரல்லருந்து வந்துருக்கு"ன்னு யாராவது சொல்லலாம். உணவுக்குழாய்ல தானா வந்த ஸ்மால் செல்லுலயும் அது பாசிட்டிவா வரலாம், அத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது, நெஞ்சு ஸ்கேன்ல நுரையீரல்ல கட்டி இருக்கான்னு பாத்துதான் சொல்லணும்.

பிளாக்கும் ஸ்லைடும் உங்க சொத்து மாதிரி, லேப்ல எழுதிக் குடுத்தா தருவாங்க. இவ்வளவு அபூர்வமான நோய்ங்கிறதால கேன்சருக்குன்னே இருக்கிற பெரிய எடத்துல (அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், வேலூர் சிஎம்சி, ஜிப்மர், மும்பை டாடா மெமோரியல் மாதிரி) ஒரு தடவ ஸ்லைட திரும்பப் பாக்கச் சொல்றது ரொம்ப நல்லது. வைத்தியம் அங்கயே பண்ணனும்னு இல்ல, ஊர் பக்கத்துல பண்ணிக்கலாம், பேரு மட்டும் சரியா இருக்கணும்.

எங்கெங்க பரவியிருக்குன்னு பாக்குறது

பேரு தெரிஞ்சதும் பெட் சிடி எடுப்பாங்க, உடம்பு முழுக்க கேன்சர் எங்கெங்க இருக்குன்னு காட்டுற ஸ்கேன் அது. வெறும் வயித்துல போகணும், சுகர் 200க்குள்ள இருக்கணும், சுகர்காரங்க மாத்திரை இன்சுலின் எப்படின்னு முதல் நாளே கேட்டுக்கோங்க, எங்க கண்ணு முன்னாடியே சுகர் ஏறிப் போச்சுன்னு ரெண்டு பேர திருப்பி அனுப்புனாங்க. மூளைக்கு ஒரு எம்ஆர்ஐயும் எடுக்கச் சொல்லுவாங்க, "தலைவலியே இல்லையே எதுக்கு"ன்னு அம்மா கேட்டாங்க, இந்த வகை மூளைக்கும் போகக்கூடியது, ஆரம்பத்துல ஒண்ணும் காட்டாதுங்கிறதாலதான். கட்டி மேல் பாதியில இருந்தா மூச்சுக்குழாய்க்குள்ளயும் ஸ்கோப்பி பண்ணுவாங்க.

ரத்தத்துல கிரியேட்டினின் (கிட்னிக்கு), கல்லீரல், எல்டிஹெச்னு ஒரு என்சைம், சோடியம் எல்லாம் பாப்பாங்க. சோடியம் ரொம்ப முக்கியம். ஸ்மால் செல்லு சில நேரம் ஒரு ஹார்மோன சுரந்து ரத்தத்துல சோடியத்த இறக்கிடும், ஆளு குழப்பமா பேசுவாரு, தூங்கிக்கிட்டே இருப்பாரு, நாம சோர்வுன்னு நினைச்சுக்குவோம்.

இதெல்லாம் முடிஞ்சதும் டாக்டர் லிமிட்டெட், எக்ஸ்டென்சிவ்னு ரெண்டா பிரிச்சு சொல்லுவாங்க. கட்டியும் பக்கத்து நெறிகட்டியும் ஒரே ரேடியேஷன் வட்டத்துக்குள்ள அடங்குனா லிமிட்டெட், கல்லீரல் எலும்பு மூளைன்னு போயிட்டா எக்ஸ்டென்சிவ். இந்த டெஸ்ட் எல்லாத்தையும் ஒரு வாரத்துக்குள்ள முடிக்கப் பாருங்க. ஒரு நாள் ஒரு டெஸ்ட்னு மாசக் கணக்கா இழுக்கிற நோய் இல்ல இது.

வைத்தியம்

முதல்ல கீமோ. லிமிட்டெட்டோ எக்ஸ்டென்சிவ்வோ, கீமோ இல்லாம இந்த நோய்க்கு வைத்தியம் இல்ல, கட்டிய மட்டும் வெட்டி எடுத்தா கண்ணுக்குத் தெரியாம ஏற்கனவே கிளம்பிப் போன செல்லுங்க அப்படியே இருக்கும், பெரிய ஆபரேஷன் பண்ணுன உடம்பு தேறுறதுக்குள்ள அதுங்க வளந்துடும். ரொம்ப ஆரம்பத்துல, நெறிகட்டிக்கு கூட போகாத சில பேருக்கு ஆபரேஷனுக்கு எடம் உண்டு, அதுவும் கீமோவோட சேத்துதான். அத கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர், சர்ஜன் மூணு பேரும் சேந்து உக்காந்து முடிவு பண்ணனும், ட்யூமர் போர்டுல வைக்கச் சொல்லி நீங்களே கேளுங்க.

மருந்து பெரும்பாலும் சிஸ்பிளாட்டினும் எடோபோசைடும். முதல் நாள் சிஸ்பிளாட்டின், எடோபோசைடு மூணு நாள் தொடர்ந்து, 21 நாளைக்கு ஒரு தடவ, நாலுலருந்து ஆறு சைக்கிள். கிட்னி சரியில்லன்னா, காது கேக்குறதுல கோளாறு இருந்தா சிஸ்பிளாட்டினுக்கு பதிலா கார்போபிளாட்டின் குடுப்பாங்க. இத விட நல்ல மருந்து ஏதும் இருக்கான்னு நாங்க ரொம்ப தேடுனோம். ஜப்பான்ல குடல் பகுதியில வர்ற இந்த மாதிரி கேன்சர் முத்துன 170 பேர வச்சு எடோபோசைடா இரினோடெகானான்னு நேருக்கு நேர் பாத்து 2022ல வெளியிட்டாங்க, ரெண்டு பக்கமும் ஆயுசுல பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டுமே பாதிப் பேர் ஒரு வருஷத்த ஒட்டிதான். இந்தக் கணக்க உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரல. பாதிப் பேர்னா மீதிப் பாதி அதுக்கு மேல இருந்தாங்கன்னும் அர்த்தம், லிமிட்டெட்ல இருக்கிறவங்களுக்கு நிலைமை இத விட நல்லா இருக்கும்.

லிமிட்டெட்னா கீமோ கூடவே ரேடியேஷனும் உண்டு, நம்ம பக்கம் கரண்ட் வைக்கிறதுன்னு சொல்லுவாங்க, கரண்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ஷாக் அடிக்காது, வலிக்காது, அப்பாகிட்ட இத நாலு தடவ சொல்ல வேண்டியிருந்துச்சு. வாரத்துக்கு அஞ்சு நாள், அஞ்சு அஞ்சரை வாரம், மொத்தம் 50 கிரே (ரேடியேஷன அளக்குற அளவு) சுமாருக்கு. மூணாவது வாரத்துலருந்து முழுங்கும்போது எரியும், அது நோய் கூடுனதால இல்ல, உள்தோல் வெந்துருக்கும், சுக்ரால்ஃபேட் சிரப்பும் மரத்துப் போற மருந்தும் சாப்பாட்டுக்கு முன்னாடி குடுத்தா தாங்கலாம்.

இம்யூனோதெரபி பத்தி கண்டிப்பா யாராவது சொல்லுவாங்க. நுரையீரல் ஸ்மால் செல்லுக்கு அடெசோலிசுமாப், டுர்வாலுமாப் கீமோவோட சேத்து குடுக்கிறது வழக்கமாயிடுச்சு, உணவுக்குழாய்க்கு அத பாத்துதான் சில டாக்டருங்க குடுக்கிறாங்க, இந்த நோய்க்குன்னே பெரிய ஆராய்ச்சி கிடையாது. விலை ரொம்ப ஜாஸ்தி. வீட்ட வித்து போடுறதுக்கு முன்னாடி "இவருக்கு எவ்வளவு கூடுதலா கிடைக்கும்"னு நேரா கேளுங்க, நல்ல டாக்டரா இருந்தா நேராவே பதில் சொல்லுவாங்க.

கீமோ முன்னாடி நாள் எங்களுக்கு குடுத்த மாத்திரையில ஓலன்ஸாபின் இருந்துச்சு, தம்பி கூகுள்ல தேடி இது மனநோய் மாத்திரைன்னு பதறிட்டான். வாந்திக்குதான் அது, ராத்திரி போடுறது, சிஸ்பிளாட்டின் வாந்திய அது நல்லாவே நிறுத்துது. சிஸ்பிளாட்டின் போடுற அன்னிக்கு நிறைய சலைன் ஏத்துவாங்க, ஒண்ணுக்கு எவ்வளவு போறாருன்னு அளந்து எழுதி வைங்க, காதுல ரீங்காரம் கேட்டா அடுத்த சைக்கிளுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

காய்ச்சல். இத மட்டும் பெருசா எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டுங்க. கீமோ போட்டு ஏழுலருந்து பதினாலு நாளுக்குள்ள வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும், அப்ப 100.4 தொட்டா பாராசிட்டமால் போட்டு படுக்க வைக்கக் கூடாது, நடுராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சிக்கு போயி "கீமோ பேஷண்ட், காய்ச்சல்"னு சொல்லணும், ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் ஏறணும். வெள்ளணு இறங்காம இருக்க கீமோ முடிஞ்ச மறுநாள் ஒரு ஊசி உண்டு, உங்களுக்கு எழுதலன்னா ஏன்னு கேளுங்க.

சாப்பாடும் ஒரு வைத்தியம்தான்

கீமோ தாங்குறதும் தாங்காததும் எடையிலதான் இருக்கு. அப்பா ஸ்கோப்பிக்கு போகும்போது 61 கிலோ, கீமோ ஆரம்பிக்கும்போது 50. 50 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 1500 கலோரியும் 60, 70 கிராம் புரோட்டீனும் வேணும், கஞ்சித்தண்ணியும் இளநீரும் மட்டும் குடுத்தா அதுல பாதி கூட வராது.

வாய் வழியா போதுமான அளவு இறங்கலன்னா டியூப்புக்கு ஒத்துக்கோங்க. மூக்கு வழியா போடுற டியூப் சுலபம், சில வாரத்துக்கு மேல தேவைப்படும்னா வயித்து வழியா சிறுகுடல்ல போடுற எஃப்ஜே டியூப். "டியூப் போட்டுட்டாங்களா, அப்ப அவ்வளவுதான்"னு பாக்க வர்றவங்க சொல்லுவாங்க. அப்பாவுக்கு ரெண்டாவது சைக்கிள் முடிஞ்சு டியூப்ப எடுத்து அன்னிக்கு ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டாரு. இந்தக் கட்டி முதல் ஒண்ணு ரெண்டு கீமோலயே சுருங்குற வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி, அதனாலதான் ஸ்டென்ட் (அடைச்ச எடத்த விரிச்சு வைக்க உள்ள வைக்கிற வலைக்குழாய்) வைக்கிறதுக்கும் அவசரப்படக் கூடாதுங்கிறேன். கட்டி சுருங்குனா ஸ்டென்ட் நழுவி கீழ போயிடும், ரேடியேஷனும் சேந்தா வலியும் ஓட்டையும் வர பயம் உண்டு. மூச்சுக்குழாயோட ஓட்டை இருந்தாலோ, இனிமே கீமோ இல்லன்னு ஆனாலோ ஸ்டென்ட் நல்ல வழி.

மூக்கு டியூப்ல குடுக்கும்போது நல்லா சாய்ஞ்ச மாதிரி உக்கார வச்சு, ஒரு தடவைக்கு 200 மில்லி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, முன்னாடியும் பின்னாடியும் வெறும் தண்ணி விட்டு டியூப்ப கழுவணும், முடிஞ்சு ஒரு மணி நேரம் படுக்க விடக்கூடாது. டியூப்ல மூக்குகிட்ட இருக்கிற நம்பர எழுதி வச்சுக்கோங்க, நம்பர் மாறியிருந்தா எதுவும் ஊத்தாதீங்க. நாங்க ராகி மால்ட், பால், வேகவச்ச பருப்ப அரைச்சு வடிகட்டுனது, நல்லா வெந்த முட்டை வெள்ளைக்கருவ பால்ல அடிச்சு வடிகட்டுனது, புரோட்டீன் பவுடர், ஒரு ஸ்பூன் எண்ணெய்னு மாத்தி மாத்தி குடுத்தோம். பச்ச முட்டை வேண்டவே வேண்டாம். எஃப்ஜேவுல இப்படி மொத்தமா ஊத்தக் கூடாது, சொட்டு சொட்டா மெதுவா போகணும், இல்லன்னா வயித்தால போகும். மாத்திரைய பொடிச்சு டியூப்ல போடுறதுக்கு முன்னாடி கேளுங்க, சிலத பொடிக்கவே கூடாது.

ஒரு வாரம் பத்து நாள் ஏறக்குறைய பட்டினியா இருந்தவருக்கு டியூப் போட்ட அன்னிக்கே நிறைய ஊத்துனா ரத்தத்துல பாஸ்பரஸ், பொட்டாசியம் சடார்னு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். தயமின் (வைட்டமின் பி 1) ஊசி போட்டுட்டு கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு நாள்ல ஏத்துவாங்க, அந்த பொறுமை நமக்கும் வேணும்.

முள் சீத்தாப்பழக் கஷாயம் ஒருத்தர் கொண்டு வந்து குடுத்தாரு, பாசமாத்தான் குடுத்தாரு, ஆனா கீமோ நடக்கும்போது கல்லீரல் கிட்னி ரெண்டும் ஏற்கனவே மருந்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கும், எந்த கஷாயமா இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டாம குடுக்காதீங்க.

பணம்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, கீமோ ரேடியேஷன் ரெண்டும் அதுல வரும், வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ளன்னு விஏஓகிட்ட சான்றிதழ் வாங்கணும். நோய் உறுதியாகுற அன்னிக்கே ஒருத்தர் டெஸ்டுக்கு ஓடுனா இன்னொருத்தர் இதுக்கு ஓடுங்க.

திரும்ப வந்தா

இந்த நோய் கீமோவுக்கு நல்லா சுருங்கும், ஆனா திரும்பி வர்றதும் ஜாஸ்தி. அதனால முடிஞ்சதும் முதல் ரெண்டு வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேன விடாதீங்க. ஆறு மாசத்துக்கு மேல கழிச்சு வந்தா அதே மருந்து திரும்ப வேலை செய்யலாம், சீக்கிரமே வந்துட்டா இரினோடெகான், டோபோடெகான் மாதிரி வேற மருந்து. அப்பாவுக்கு பதினோராவது மாசம் கல்லீரல்ல வந்துச்சு, அதே மருந்து இன்னொரு அஞ்சு மாசம் வாங்கிக் குடுத்துச்சு.

அதுக்கப்புறம் வலி. மார்ஃபின் எழுதுனாங்க, அடிமையாயிடுவாருன்னு பயந்து ரெண்டு வாரம் நான் பாதி மாத்திரைதான் குடுத்தேன், அந்த ரெண்டு வாரம் அவரு ராத்திரியெல்லாம் உக்காந்தே இருந்தாரு. கேன்சர் வலிக்கு டாக்டர் சொன்ன அளவுல குடுக்கிற மார்ஃபின் பெரும்பாலும் யாரையும் அப்படி ஆக்காது, மலச்சிக்கலுக்கு மருந்து கூடவே குடுத்துட்டா போதும். பேலியேட்டிவ் டாக்டர (வலி, வேதனைய குறைக்கிறதுக்குன்னே இருக்கிற டாக்டர்) கடைசியில தேடாதீங்க, கீமோ ஆரம்பிக்கும்போதே ஒரு தடவ போயி அறிமுகம் ஆகிக்கோங்க, வலி வர்ற ராத்திரி யாருக்கு போன் பண்றதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கணும். முழு அளவு குடுத்த அன்னிக்கு அப்பா காலையில ஒன்பது மணி வரைக்கும் தூங்குனாரு, எந்திரிச்சு "காபி இருக்கா பாப்பா"ன்னாரு.